தாழ்ச்சியும் இறையாசியும்: கள்ளக்குறிச்சி வட்டாரக் கிறித்தவ வரலாற்றில் ஒரு போதனை

தாழ்ச்சி என்பது இறைவன் முன்னும் மனிதர் முன்னும் தன்னைப் பெரிதாக எண்ணாத மனநிலையைக் குறிக்கும் கிறித்தவ நற்பண்பு ஆகும். கத்தோலிக்கர் இதைத் ‘தாழ்ச்சி’ என்றும், சீர்திருத்தச் சபையினர் ‘தாழ்மை’ அல்லது ‘மனத்தாழ்மை’ என்றும் வழங்குவர். இறைவனின் ஆசியைப் பெறுவதற்கு இதுவே வாயில் என்பது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான போதனை. கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக இப்போதனையைக் கேட்டு வருகின்றன. தாழ்ச்சியை யாரிடம் கேட்பது என்ற கேள்வியும் அதே காலம் முழுவதும் இங்கு எழுந்து வந்துள்ளது.

சொல்லும் பொருளும்

தமிழ் இலக்கணப்படி ‘தாழ்தல்’ தன்வினை, ‘தாழ்த்துதல்’ பிறவினை. ஒருவர் தாமாகத் தாழ்வது வேறு, ஒருவரை மற்றவர் தாழ்த்துவது வேறு. ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் சொல் செயப்பாட்டு வடிவில் அமைந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் தாமே தாழ்ந்தவர்கள் அல்லர், பிறரால் அந்நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. கிறித்தவப் போதனை பேசும் தாழ்ச்சி, ஒருவர் தம் விருப்பத்தால் மேற்கொள்வது.

திருக்குறளின் 13ஆம் அதிகாரமான அடக்கமுடைமையிலும் இதற்கு நெருங்கிய கருத்து உண்டு. பணிவு எல்லார்க்கும் நல்லது என்று கூறும் வள்ளுவர், செல்வம் உடையவர்க்கே அது மேலும் ஒரு செல்வமாகும் என்கிறார். இறங்கி வருவதற்கு உயரம் உள்ளவரிடமே பணிவு சிறப்பாக விளங்குகிறது என்பது இதன் உட்பொருள்.

விவிலிய அடிப்படை

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்குச் செல்பவர் முதலிடத்தைத் தேடாமல் கடைசி இடத்தில் அமரட்டும் என்று இயேசு கூறுகிறார். 18ஆம் அதிகாரத்தில் பரிசேயரும் வரி தண்டுபவரும் கோவிலில் மன்றாடும் உவமை வருகிறது. தம் நோன்பையும் காணிக்கையையும் எடுத்துச் சொன்ன பரிசேயர் வெறுமையாகத் திரும்புகிறார். தலை நிமிராமல் இரக்கம் வேண்டியவர் இறைவனுக்கு ஏற்புடையவராகிறார். ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் எதையும் ஊற்ற முடியாது என்பதே இந்த உவமையின் அடிப்படை.

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில், இறைநிலையில் இருந்த கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றதாகப் பவுல் கூறுகிறார். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். இவ்விரண்டிலும் கீழே இறங்குபவர் மேலே இருந்தவரே. லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் மரியாவின் பாடலோ, வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் எளியோர் உயர்த்தப்படுவதையும் சேர்த்தே பேசுகிறது. எனவே விவிலியத்தில் தாழ்ச்சியும் ஆசியும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். உயர்ந்தவர் இறங்குகிறார், தாழ்த்தப்பட்டவர் எழுப்பப்படுகிறார்.

சபை மரபில் தாழ்ச்சி

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவற விதிநூலின் 7ஆம் அதிகாரத்தில் தாழ்ச்சியைப் பன்னிரண்டு படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். தமிழ்க் கத்தோலிக்கர் மனப்பாடமாகப் படித்த ஞானோபதேசத்தில் தலையான பாவங்களுள் முதலாவது கர்வம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. செபமாலையின் முதல் மகிழ்ச்சி மறையுண்மையைத் தியானிக்கும்போதும் தாழ்ச்சி என்னும் வரத்தையே கேட்பது வழக்கம்.

லூத்தரன் சபையின் அழுத்தம் சற்று வேறானது. தாழ்மை என்பது இறையருளுக்குக் கொடுக்கும் விலை அன்று. கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று உணர்ந்து நீட்டும் வெறுங்கை என்று அது போதிக்கிறது. இவ்விரு மரபுகளும் தென்னார்க்காட்டில் வேரூன்றின. சாதி என்னும் ஒரே சோதனையை இரண்டும் சந்தித்தன.

புதுச்சேரி ஆணையும் தச்சர் காவியமும்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி உயர்சாதியினரை அணுகுவதற்காகச் சந்நியாசிகளின் வாழ்க்கை முறையை மேற்கொண்டார். 1640 முதல், ஒடுக்கப்பட்ட மக்களிடையேயும் பணியாற்றக்கூடிய ‘பண்டாரசாமிகள்’ என்னும் தனிப்பிரிவு இயேசு சபையில் உருவானது. இதனால் இறைப்பணியாளர்களே சாதி வரிசைக்கு ஏற்பப் பிரிந்து நின்றனர்.

1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் 1704இல் பதினாறு பிரிவுகள் கொண்ட ஆணை ஒன்றை வெளியிட்டார். நோயுற்ற பறையர் கிறித்தவர்களின் வீட்டுக்குள் சென்று அருளடையாளங்களை வழங்க மறுக்கும் வழக்கத்தை அது கண்டித்தது. மரணப் படுக்கையில் இருப்பவர்க்கு இறுதி ஆசியைக் கொண்டு செல்பவர் வாசலைத் தாண்ட வேண்டுமா, வேண்டாமா என்பதே அங்கு எழுந்த சிக்கல். இந்த விவகாரம் உரோமையில் பல ஆண்டுகள் நீடித்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை அக்கடமையை உறுதிப்படுத்தியது. ஆயினும் ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் திட்டத்தையும் ஏற்றது. வாசல் திறந்தது, ஆனால் அது தனி வாசலாக இருந்தது.

இந்தக் காலத்தில்தான் வீரமாமுனிவர் தமிழகத்தில் பணியாற்றினார். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்தை அவர் எழுப்பியதாக மரபு கூறுகிறது. 1726இல் அவர் முடித்த தேம்பாவணி 3,615 பாடல்களைக் கொண்டது. அதன் தலைவர் வளன் எனப்படும் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத தச்சுத் தொழிலாளி ஒருவரைத் தமிழ்ப் பெருங்காப்பியத்தின் தலைவராக்கியது தாழ்ச்சிக்குக் கிடைத்த இலக்கியச் சிறப்பு. காப்பியத்தில் கிடைத்த அந்த இடம் ஆலயங்களில் எளியவர்க்குக் கிடைக்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று.

ஒரே கிண்ணம்

சீர்திருத்தச் சபைகளில் இந்தக் கேள்வி நற்கருணைக் கிண்ணத்தைச் சுற்றி எழுந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய லூத்தரன் மரபில், சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இடம்பெற்றுவிட்டது. உயர்சாதியினர் முதலில் நற்கருணை பெற்ற பின்னரே மற்றவர்கள் பெறும் முறை பல இடங்களில் இருந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் பலர் இதை ஏற்காமல் சபையை விட்டு விலகினர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற அறிஞர்களும், இருக்கை வேறுபாடு உலக வழக்கமே, முந்தைய போதகர்கள் ஏற்றுக்கொண்டதே என்று வாதிட்டனர்.

பின்னர் வந்த லைப்சிக் மிஷன் இதில் மென்மையான நிலையை எடுத்தது. அதன் இயக்குநரும் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவருமான கார்ல் கிரவுல், சாதியை ஒரு சமூக அமைப்பாகக் கருதி, அது படிப்படியாக மறையட்டும் என்றார். அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஆக்ஸ் இதை ஏற்கவில்லை. ஒரே அப்பத்திலும் ஒரே கிண்ணத்திலும் பங்கு கொள்பவர் அடுத்தவரின் தொடுகைக்கு அஞ்சுவது அந்த விருந்தையே மறுப்பதாகும் என்பது அவர் தரப்பின் வாதம். 1859இல் அவர் லைப்சிக் மிஷனை விட்டு விலகி, கடலூருக்கு அருகே பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். 1821இல் நிறுவப்பட்ட டேனிஷ் மிஷன் சங்கம் 1860களில் அவருக்குத் துணைநின்றது. அப்பணியிலிருந்து வளர்ந்ததே 1913இல் உருவான ஆற்காடு லூத்தரன் திருச்சபை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூரின் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் அதே மரபின் வழி வந்தது. கிண்ணத்தைப் பற்றிய ஒரு கருத்து வேறுபாடு இந்த வட்டாரத்தில் ஒரு திருச்சபைக்கே வித்திட்டது.

அண்ணன்மார் இருவர்

1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழரும், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரும் அதன் நிறுவனர்கள். இருவரும் மருத்துவர்கள். காலனிய ஆட்சி நடந்த அந்நாளில் வெள்ளையர் தலைமை ஏற்பதும் இந்தியர் உதவியாளராக இருப்பதுமே மிஷன் பணிகளில் வழக்கம். இங்கோ ஏசுதாசன் ‘பெரியண்ணன்’ எனவும் பேட்டன் ‘சின்னண்ணன்’ எனவும் அழைக்கப்பட்டனர். தாழ்ச்சி இங்கு வெறும் உபதேசமாக நிற்காமல் அன்றாட அழைப்புப் பெயராகவே ஆனது.

கல்வராயன் மலையும் கட்டாயப் பணிவும்

தாழ்ச்சிக்கும் அச்சத்தால் வரும் பணிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கல்வராயன் மலையின் வரலாறு உதவும். கிறித்தவ சபைகளின் வரலாற்றோடு இதற்கு நேர்த்தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். நாட்டின் பிற பகுதிகளில் ஜமீன்கள் ஒழிந்த பின்னரும், இம்மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தது. மக்கள் அவர்களது நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அதுவும் பணிவாகவே தோன்றியிருக்கும். ஆனால் மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் பணிவு ஒரு பண்பாக முடியாது. ஒடுக்கப்பட்டவரிடம் தாழ்ச்சியைப் போதிக்கும் எந்தச் சமயமும் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

எறையூர், 2008

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள எறையூர், புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பழைய கத்தோலிக்கப் பங்கு. அதன் ஆலயம் செபமாலை அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவ்வூரில் வன்னியர் கிறித்தவர்கள் பெரும்பான்மையினர். தலித் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். தனிக் கல்லறை, தேர் வராத தெரு போன்ற பாகுபாடுகளைத் தலித் கிறித்தவர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்தனர். சகாய அன்னையின் பெயரால் தாங்கள் எழுப்பிய ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்குமாறு 2008 மார்ச் மாதம் உண்ணாநோன்பு இருந்தனர். மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர்.

அந்நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. பதினொரு நாட்கள் கழித்துப் பெரிய வியாழன். அன்று குருவானவர் மேலாடையைக் களைந்து இறைமக்களின் பாதங்களைக் கழுவுவது சடங்கு. தாழ்ச்சியை வேண்டிச் செபமாலை சொல்லும் மக்களிடையே, அன்னையின் பெயரைத் தாங்கிய ஆலயத்தை முன்னிட்டு உயிர்கள் பறிபோயின என்பது இந்த வட்டாரத்தின் கிறித்தவ வரலாற்றில் ஆறாத வடு.

திருச்சபைக்கு இச்சிக்கல் தெரியாமல் இல்லை. 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே நிலவும் சாதிப் பாகுபாடு உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்று எச்சரித்திருந்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை அது ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனம் தன் குற்றத்தைத் தானே சொல்வதும் தாழ்ச்சியின் ஒரு வடிவமே.

மதிப்பீடு

புதுச்சேரியில் வீட்டு வாசல், பட்டாம்பாக்கத்தில் கிண்ணம், எறையூரில் தேரும் கல்லறையும் என இவ்வட்டாரத்தில் தாழ்ச்சியின் சோதனை எப்போதும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைச் சுற்றியே நடந்துள்ளது. ‘தாழ்மையாய் இரு’ என்ற அறிவுரை சமமாக அமர இடம் கேட்டவர்களை நோக்கிச் சொல்லப்பட்டபோதெல்லாம், போதனை தன் பொருளை இழந்தது. இடம் வைத்திருந்தவர்கள் நகர்ந்து அமர்ந்தபோது அது பொருள் பெற்றது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதன் எல்லைக்குள் பழைய பங்குகளும் லூத்தரன் சபைகளும் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பெரிய வியாழனைக் கொண்டாடுகின்றன. பாதம் கழுவிய நிகழ்வு அன்று வாசிக்கப்படும்போது, குனிய வேண்டியவர் யார் என்ற பழைய கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வாசிக்கப்படுகிறது.