நோவை அளத்தல்: உணர்வெல்லையும் நோயாளரின் சொல்லும்

தமிழில் 'நோய்' என்னுஞ் சொல் 'நோ' என்னும் வினையடியாகப் பிறந்தது. பழந்தமிழ் வழக்கில் அது உடற்பிணியை மட்டுமன்றி உள்ளத்து வருத்தத்தையுங் குறித்தது. துன்புறுபவரின் அநுபவமே அங்கு முதன்மை பெற்றது. நவீன மருத்துவமோ பிறர் காணத்தக்கதும் எண்ணால் உரைக்கத்தக்கதுமான சான்றினை வேண்டிநின்றது. ஒருவர் படும் நோவைப் பிறிதொருவர் அளத்தல் கூடுமா? இவ்வினாவிற்கு விடைகாண முற்பட்ட ஆய்வுகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இவ்வரலாறு தொடுகையுணர்ச்சியை அளந்ததிலிருந்து தொடங்குகின்றது. ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏர்ண்ஸ்ற் வேபர், கவராயத்தின் இருமுனைகளையுந் தோலில் வைத்து, அவை இரண்டென உணரப்படும் மிகக் குறைந்த இடைவெளியை அளந்து 1834 இல் வெளியிட்டார். விரல்நுனியில் அது ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகவும், முதுகில் அதனிலும் பன்மடங்காகவும் இருந்தது. 1860 இல் குஸ்தாவ் பெஃக்னர், தூண்டலொன்று உணரப்படத் தொடங்கும் அளவை 'உணர்வெல்லை' எனக் கொண்டு, உளப்பௌதிகம் என்னுந் துறையை நிறுவினார். 1890களில் மக்ஸ் வொன் பிறை, தராசிலே அழுத்தம் கணிக்கப்பட்ட மயிரிழைகளால் தோலைத் தொட்டு ஆராய்ந்து, நோவை உணர்த்தும் தனிப்புள்ளிகள் தோலில் உள்ளன என வாதிட்டார். இவ்வாறு நோவும் அளவைக்குட்பட்ட பொருளாயிற்று.

எனினும் அளந்தது எதனை என்ற ஐயம் விரைவிலேயே எழுந்திருக்க வேண்டும். 1898 இல் டொறஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில், பின்னர் இலங்கை வேடரைப் பற்றி 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மனும் இடம்பெற்றிருந்தார். அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் மக்டூகல், தீவுமக்களின் தோலில் கருவியை அழுத்தி நோவெல்லையை அளந்தார். அவர்களது நோவுணர்ச்சி ஆங்கிலேயரதிற் பாதியளவேனும் இல்லை என்பது அவர்தம் முடிபு. கருவி காட்டியது அழுத்தத்தை மட்டுமே. 'இப்பொழுது நோகிறது' என்று சொல்லியவர் மனிதர். வினாவை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார், அந்நியர் முன்னிலையில் எப்பொழுது வாய்திறக்க விரும்பினார் என்பவற்றைக் கருவி காட்டாது. ஓரினத்தார் குறைவாகவே நோவர் என்னும் முடிபு, அவர்தம் முறைப்பாட்டைப் புறக்கணிப்பதற்கும் இடந்தரும் என்பது மனங்கொள்ளற்பாலது.

1940 இல் நியூயோர்க்கின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி, வொல்ஃப், குடெல் ஆகிய மூவரும் புதிய கருவியொன்றை அறிமுகப்படுத்தினர். மை பூசிய நெற்றியில் 3 செக்கன் வெப்பக்கதிரைப் பாய்ச்சி, நோவு தோன்றும் அளவை அது கணித்தது. தம்மையே பரிசோதனைக்குட்படுத்திய இவர்கள், நோவெல்லை மாந்தர் யாவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே எனக் கருதினர். பின்னர் 'டொல்' என்னும் நோவலகையும் வகுத்தனர்.

இக்கொள்கைக்கு வலுவான மறுப்பு போர்முனையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியிற் பணியாற்றிய ஹாவாட் மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற படையினருட் பெரும்பாலோர் நோவுமருந்து வேண்டாமென்றதை 1946 இல் எடுத்துரைத்தார். சத்திரசிகிச்சைக்குட்பட்ட குடிமக்களுட் பெரும்பாலோர் அம்மருந்தை வேண்டினர் என 1956 இல் ஒப்பிட்டுக் காட்டினார். படைவீரனுக்குக் காயம் போர்க்களத்திலிருந்து விடுதலை. குடிமகனுக்கோ அது பேரிடர். காயத்தின் அளவன்று, அது அவரவர்க்குத் தந்த பொருளே நோவை நிர்ணயித்தது என்பது பீச்சரின் விளக்கம். ஆய்வுகூட நோவெல்லையைக்கொண்டு மருந்தின் பயனை மதிப்பிடுதல் நம்பத்தக்கதன்று எனக் கூறிய அவர், நோயாளரே தம் நோவுத் தணிவை உரைக்கும் ஆய்வுமுறையை வலியுறுத்தினார். 1975 இல் றொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மக்கில் வினாக்கொத்து, 20 தொகுதிகளில் 78 சொற்களைத் தந்து, நோயாளரின் மொழியையே அளவுகோலாக்கியது.

இதனால் உணர்வெல்லை பயனற்றதென்பது எம் கருத்தன்று. பிறையின் மயிரிழைக்கு வழித்தோன்றலான நைலோன் இழை, தொழுநோயிலும் நீரிழிவிலும் உணர்ச்சி குன்றிய பகுதிகளை அறிவிக்கின்றது. நோவு இல்லாமையால் பாதத்துப் புண்ணை அறியாதிருப்பவருக்கு அவ்விழை பெருந்துணை. 2006 இல் ஜேர்மன் ஆய்வாளர் வகுத்த சீர்முறை, வெப்பம், குளிர், தொடுகை, அதிர்வு, அழுத்தம் முதலியவற்றால் 13 அளவைகளைப் பெற்று நரம்பின் நிலையை ஆராய்கின்றது. நரம்பு எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு இவை விடைதரும். அம்மனிதர் எவ்வளவு துன்புறுகின்றார் என்பதற்குத் தாமாகவே விடைதரா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொண்டமையே நாம் மேலே கண்ட பிழைகட்கெல்லாம் மூலமாகும்.

ஒருவர் தமக்கு நோவுண்டென உரைப்பது மதிக்கப்படல் வேண்டுமென 2020 இல் சர்வதேச நோவாராய்ச்சிச் சங்கம் தன் திருத்திய வரைவிலக்கணத்தின் குறிப்பிற் கூறியது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கருவிகளோடு பயணித்த அறிவியல், துன்புறுபவரின் சொல்லை மீண்டும் செவிமடுக்கத் தலைப்பட்டுள்ளது. 'நோய்' என்னுஞ் சொல்லை ஆக்கிய எம் முன்னோர்க்கு அது புதுமையாகத் தோன்றியிராது.