மெர்சென் பட்டியலில் ஓர் எண்

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 கிடைக்கும். 21 இலக்கங்கள் கொண்ட இந்த எண் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பகா எண் பட்டியலில் தவறாக இடம்பெற்றிருந்தது.

பட்டியலைத் தந்தவர் பாரிசில் வாழ்ந்த துறவி மாரன் மெர்சென். 2ⁿ − 1 என்ற வடிவ எண்களில் பகா எண்களைத் தேடுவது அவருக்கு முன்பே பழைய வேலை. அப்படி ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண்ணும் (தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். 7 கிடைத்தால் 28 கிடைப்பதுபோல. 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்று மெர்சென் 1644-இல் எழுதினார். நிரூபணம் தரவில்லை. 31-க்கு உரிய 2,14,74,83,647 பகா எண்தான் என்று ஆய்லர் 1772-இல் உறுதி செய்தார். அதற்கு மேல் வகுத்து வகுத்துப் பார்ப்பது கைக்கு எட்டாத வேலை.

1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா காரணிகளைத் தேடி வகுக்காமலேயே சோதிக்கும் வழி ஒன்றைக் கண்டார். பின்னாளில் டி. எச். லெஹ்மர் எளிமையாக்கிய வடிவில் அதைச் செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2⁵ − 1 = 31 என்ற எண்ணைச் சோதித்தால் 4, 14, 8, 0 என்று வரும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி சுழியானால் எண் பகா எண். ஆகாவிட்டால் பகு எண். 31-இன் அடுக்கு 5. மூன்றாம் படியில் சுழி வந்துவிட்டது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா அறிவித்தார். ஆனால் அதன் காரணிகள் எவை என்பதை இந்த வழி சொல்லாது. பகு எண் என்று அறிவது ஒரு வேலை, அதைப் பகுத்துக் காட்டுவது வேறு வேலை என்பதை இந்த எண் தெளிவாகக் காட்டியது.

அந்த இரண்டாம் வேலையை முடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் தந்த விடை:

19,37,07,721 × 7,61,83,82,57,287

ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இருபுறமும் கணக்கிட்டுக் காட்டி அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்றும் கணிதர் ஈ. டி. பெல் பின்னாளில் எழுதினார். அந்தக் கதையைவிட வியப்பானது கோலின் உழைப்பு. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க முடியும். சிறிய காரணி 134 × 14,45,580 + 1. இந்த நிபந்தனை மட்டும் இருந்தால் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைச் சோதிக்க வேண்டும். வர்க்க எண்களை வகுத்தால் கிடைக்கும் மீதிகளைக் கொண்டு அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் முன்கூட்டியே தள்ளினார்.

மெர்சென் பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது. ஐந்து பிழைகள் தேறின: 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 2²⁵⁷ − 1 பகு எண் என்பதை லெஹ்மர் கணினிக்கு முந்தைய காலத்திலேயே காட்டிவிட்டார். அதன் காரணிகளைக் கண்டுபிடிக்கக் கணினி வரவேண்டியிருந்தது.