கண்ணிழந்த இசைவாணர் ஹார்டெபெக்

கண்ணிலாரைக் கண்டால் இரங்கிக் காசு ஈவதோடு தம் கடமை தீர்ந்ததெனக் கருதுவோர் பலர். அவர்க்கு இசை இயல்பாகவே வாய்க்குமென்றும், அஃது இறைவன் ஈடாக அளித்த வரமென்றும் கூறுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் பிழையென்பதற்கு, அயர்லாந்தில் வாழ்ந்து தேவாலய இசை இயற்றிய கார்ல் கில்பர்ட் ஹார்டெபெக்கின் வரலாறே தக்க சான்றாகும்.

இவர் 1869ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜெர்மானியர், தாயார் வேல்ஸ் நாட்டினர். குழந்தைப் பருவத்திலேயே பார்வை போயிற்று. எனினும் வீட்டு மூலையில் முடங்கிக் கிடவாது, கண்ணிலார்க்கென 1872இல் அந்நகரில் நிறுவப்பெற்ற கல்லூரியிற் சேர்ந்து இசை பயின்றார். அக்கல்லூரியின் தலைவர் பிரான்சிஸ் காம்பெல் என்பாரும் கண்ணிழந்தவரே. மாணவர் பிறர் கையை எதிர்பாராது, தம் தொழிலால் உண்ணவேண்டும் என்பதே அவர் கொள்கை.

கண்ணிலார்க்குக் கல்விக் கதவைத் திறந்தவர் பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில். அவர் 1829இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறையால் எழுத்தையும் இசைக்குறியையும் விரலால் தடவிப் படிக்கலாம். ஆயின், படிக்கும் விரலே அவ்வேளையில் வாசிக்கவும் இயலுமோ? தேவாலயத்து ஆர்கனுக்கு இரு கைகளும் இரு கால்களும் வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு பாட்டையும் சிறிது சிறிதாகத் தடவி, முழுதும் மனப்பாடம் செய்த பின்னரே அவர் வாசித்தல் கூடும். உலகம் வரமென்று வியப்பது உண்மையில் உழைப்பேயாம்.

1893இல் ஹார்டெபெக் பெல்பாஸ்ட் நகர் சேர்ந்து இசைக்கடையொன்று வைத்தார். அது நிலைக்கவில்லை. பின்னர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும், மாணாக்கர்க்குக் கற்பித்தும் வாழ்ந்தார். வழிபாட்டுக்குரிய இசையும் இயற்றிப் பெயர் பெற்றார். 1897இல் டப்ளினில் பேஷ் கியோல் என்னும் இசைவிழா தொடங்கிற்று. அதில் தம் ஆக்கங்களுடன் கலந்துகொண்டதே அவர் உள்ளத்தை ஐரிஷ் நாட்டுப் பண்களின்பால் திருப்பியது.

அந்நாளில் ஐரிஷ் மொழியின் நிலை யாது? 1845 முதல் 1849 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் நாடு நீங்கினர். அம்மொழி பேசிய மேற்றிசை ஏழைகளே பெரிதும் அழிந்தனர். நூற்றாண்டின் இறுதியில் ஐவரில் ஒருவர்க்குக்கூட அம்மொழி தெரியாது. மண்ணின் மக்களே அதனைத் தாழ்வென்றெண்ணிக் கைவிட்ட காலத்தில், வேற்று நாட்டிற் பிறந்த இவர் அதனைக் கற்கத் துணிந்தார். என்னை? பாட்டின் நெளிவும் நிறுத்தமும் சொல்லைப் பற்றியே நிற்கும். சொல்லறியாதவன் பண்ணின் உடலைக் காண்பானேயன்றி உயிரைக் காணான்.

மொழி பயில்வதிலும் தடையொன்று இருந்தது. பிரெயிலின் எழுத்துகள் பிரெஞ்சு மொழிக்கென அமைந்தவை. ஐரிஷிலோ உயிரெழுத்தின்மேல் கோடும், மெய்யெழுத்தின்மேல் புள்ளியும் இடப்பெற்று ஒலி வேறுபடும். ஹார்டெபெக் தளரவில்லை, அம்மொழிக்கென ஒரு பிரெயில் முறையைத் தாமே வகுத்தார்! பின்னர்ச் சிற்றூர்ப் பாடகரிடம் கேட்ட பாட்டுகளைப் புள்ளிகளாகப் பொறித்து, இசையமைத்து வெளியிட்டார். எழுதப்படாத பாட்டு பாடுவோரோடு புதையுண்டு போகுமன்றோ?

1919இல் கார்க் நகர இசைப்பள்ளியின் தலைமை அவரைத் தேடி வந்தது. 1922இல் அந்நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஐரிஷ் இசைப் பேராசிரியரானார். இறுதிக் காலத்தை டப்ளினிற் கழித்து, 1945இல் மறைந்தார்.

கடை நொடிந்தபோது ஊரார் நாலு காசு ஈந்திருப்பின் அன்றைய பசி தீர்ந்திருக்கும், அவ்வளவே. இளமையில் அவர் விரலுக்குக் கிட்டிய ஆறு புள்ளிகளோ, அவரைப் பிறர்க்கு ஈபவராக்கின. கண்ணிலார்க்கு நாம் கடன்பட்டிருப்பது இரக்கமன்று, எழுத்து.