படித்தது கணிதம், பார்த்தது சர்க்கார் உத்தியோகம்

பழைய மாணவர்கள் கூடுகிற இடத்தில் தவறாமல் அடிபடுகிற பேச்சு ஒன்று உண்டு. "நாலு வருஷம் உருண்டு புரண்டு படிச்சோமே, அதில எதை இப்ப வேலையில உபயோகிக்கிறோம்?" என் பேட்சையே எடுத்துக் கொள்ளுங்கள். மெக்கானிக்கல் படித்தவர்களில் இன்று மெஷின் பக்கத்தில் நிற்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பாங்க், இன்ஷூரன்ஸ், மென்பொருள் என்று போய்விட்டார்கள். ஒருவர் ஓட்டல் நடத்துகிறார், நன்றாகவே நடக்கிறது. இதையெல்லாம் கேட்கும் இப்போதைய மாணவர்கள், "அப்ப எதுக்கு சார் தெர்மோடைனமிக்ஸ்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அவர்களுக்கு அறிவுரை சொல்ல நான் வரவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னை ராஜதானியில் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் தெரியும். கணித மேதை ராமானுஜன், எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், ஹார்டி கண்டுபிடித்தார். நாம் கேட்டது இவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதம் போனது 1913 ஜனவரி 16ல். அதற்கு முந்தைய மூன்று வருஷங்கள் அவருக்குச் சோறு போட்டவர்கள் யார், அவர்கள் என்ன படித்துவிட்டு என்ன வேலை பார்த்தார்கள் என்று விசாரித்தால், நம்முடைய கேள்வி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

1910ல் ராமானுஜனுக்கு வயது 22. கல்யாணம் ஆகிவிட்டது, பட்டம் கிடையாது, வருமானமும் கிடையாது. வேலை தேடி அவர் போன இடம் திருக்கோயிலூர். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்பது ராமானுஜனின் விண்ணப்பம். கையில் இருந்த நோட்டுப் புத்தகத்தை ஐயர் புரட்டிப் பார்த்தார். 'இந்தப் பையனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து அவன் மேதையை நசுக்க எனக்கு மனமில்லை' என்ற முடிவுக்கு வந்து, அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

ஒரு டெபுடி கலெக்டருக்கு அந்த நோட்டுப் புத்தகம் எப்படிப் புரிந்தது? அவர் படித்தது கணிதம். நிலவரியும் ஜமாபந்தியும் பார்த்துக் கொண்டே ஜியோமிதியை விடாமல் வைத்திருந்தவர். மாணவராக இருந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கணிதக் கட்டுரை அனுப்ப, அவர்கள் இவரைக் கல்லூரி ஆசிரியர் என்று நினைத்துப் 'புரொபசர்' என்று விளிக்க, அந்தப் பெயரே நண்பர்களிடையே நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். 1907ல் அவர் குத்தியில் உத்தியோகத்தில் இருந்தபோது ஆரம்பித்த 'அனலிடிக் கிளப்'தான் பிற்பாடு இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. தனியாக யாரும் வாங்க முடியாத வெளிநாட்டுக் கணித இதழ்களைக் கூட்டாக வரவழைப்பது, பூனா ஃபெர்குஸன் கல்லூரியில் வைத்து அங்கத்தினர்களுக்குத் தபாலில் அனுப்பிப் படிக்க வைப்பது, இதுதான் ஏற்பாடு. கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் கணிதப் பேராசிரியர் அல்ல, ரெவின்யூ அதிகாரி என்பதைக் கவனியுங்கள்.

சென்னையில் ராமானுஜனின் பழைய கும்பகோணம் ஆசிரியர் பி.வி. சேஷு ஐயர் பிரஸிடென்ஸி கல்லூரியில் இருந்தார். அங்கிருந்து பாதை நெல்லூருக்குப் போயிற்று. நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் கணிதச் சங்கத்தின் காரியதரிசி. சில சந்திப்புகளுக்குப் பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. வந்த பிறகு மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தார், சுமார் ஒரு வருஷம். 1911ல் ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, அதே சங்கத்தின் இதழில் வெளியாயிற்று.

அடுத்தவர் என் அபிமானத்துக்குரியவர். எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் தலைமைக் கணக்கராகப் போனவர். இவரும் கணிதச் சங்கத்துக்காரர், அதன் பொருளாளர். 1912 மார்ச் 1ல் ராமானுஜன் இந்த ஆபீஸில்தான் மூன்றாம் வகுப்பு, நாலாம் கிரேடு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். பகலில் மேலதிகாரியும் குமாஸ்தாவும். ராத்திரி இருவரும் சிலேட்டை மடியில் வைத்துக் கொண்டு கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் பத்துப் படியில் ஏறவேண்டிய இடத்தை இரண்டே படியில் தாண்டிவிடுவார். 'எனக்கே புரியலைன்னா மத்தவங்களுக்கு எப்படிப்பா புரியும், நடுவில இருக்கிற படிகளையும் எழுது' என்று ஐயர் பிடிவாதம் பிடிப்பாராம். வாத்தியார் தொழிலை விட்டாலும் வாத்தியார் புத்தி விடவில்லை!

இந்த ஐயர்தான் போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் காதில் விஷயத்தைப் போட்டார். ஸ்பிரிங் எஞ்சினீயர். துறைமுகத்தின் வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மாற்றியமைத்தவர். அவருக்கு அந்தக் கணிதம் தெரியாது. சென்னை எஞ்சினீயரிங் கல்லூரியில் (கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில், 1920ல்தான் கிண்டிக்குப் போனது) சிவில் பேராசிரியராக இருந்த கிரிஃபித்துக்கும் தெரியாது. ஆனால் கிரிஃபித் சும்மா இருக்கவில்லை. லண்டன் யுனிவர்ஸிடி காலேஜ் கணிதப் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். பதில் முழுத் திருப்தியாக இல்லை. முடிவிலித் தொடர்களில் பையன் வழுக்கி விழுந்திருக்கிறான், இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்று வந்தது. நம் எஞ்சினீயர்கள் இருவரும் அதற்காகக் கைவிட்டுவிடவில்லை. தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருப்பதும் படிப்பின் ஒரு பகுதிதானே.

இன்னும் ஒருவர். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலை இலாகாவின் தலைவர். கேம்பிரிட்ஜில் 1889ல் கணிதத்தில் முதல் இடம், அதாவது சீனியர் ராங்ளர். வானிலை அவருடைய படிப்பே இல்லை. பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்தவரைக் கூப்பிட்டு, பருவமழையைக் கணித்துச் சொல் என்று 1904ல் உட்கார வைத்தார்கள்! அவரோ மழை, காற்றழுத்தப் புள்ளிவிவரங்களை எண்களாகவே பார்த்து, பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே நடக்கும் அழுத்த ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு 'எல் நினோ' பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அந்த வாக்கர், ஸ்பிரிங் காட்டிய தாள்களைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 26ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். மே 1 முதல் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம். பட்டம் இல்லாதவருக்கு! 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். 1918ல் எஃப்.ஆர்.எஸ்.

டெபுடி கலெக்டர், கலெக்டர், கணக்கர், வானிலை அதிகாரி. இவர்களில் ஒருவருக்கும் படித்த கணிதம் அன்றாட உத்தியோகமாக இருக்கவில்லை. எல்லோரும் கல்லூரி ஆசிரியர்களாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். சேஷு ஐயரைப் போல அன்போடு கடிதம் கொடுத்திருப்பார்கள். 25 ரூபாயும் குமாஸ்தா நாற்காலியும் சேர்மனின் காதும் அவர்கள் கையில் இருந்திருக்காது.

இதனால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சி.வி. ராமன் 1907ல் பௌதிகத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு நிதி இலாகாவில் சேர்ந்தார். பத்து வருஷம் பகலில் கணக்குத் தணிக்கை, காலையிலும் மாலையிலும் கல்கத்தா பௌபஜார் தெருவில் ஆராய்ச்சி. 1917ல்தான் முழுநேரப் பேராசிரியர் ஆனார். அந்தப் பகல்கள் போனது போனதுதான். ராமஸ்வாமி ஐயருக்கு ஜமாபந்தி இல்லாதிருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ. தவிர, அன்று கணிதம் படித்து உத்தியோகத்துக்குப் போன எல்லோருமா சிலேட்டை எடுத்தார்கள்? பெரும்பாலோர் புத்தகத்தை மூடியவர்கள் மூடியவர்கள்தான். இவர்கள் சந்தா கட்டினார்கள், தபாலில் வந்த இதழைப் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். வித்தியாசம் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம்முடைய முகவரிப் பட்டியலில் பெயரும் இப்போதைய வேலையும் போடுகிறோம். பக்கத்தில் படித்த துறையையும், இன்னமும் ஆர்வம் உள்ள பாடத்தையும் போடலாம். ஃபைனல் இயர் பையனோ பெண்ணோ நோட்டுப் புத்தகத்தோடு யாரையாவது தேடும்போது உதவும். துறைக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இதழுக்குச் சந்தா கட்டிக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பதையும் செயற்குழு யோசிக்கலாம். மெக்கானிக்கலுக்கான முதல் வருஷச் சந்தாவில் என் பங்கைச் சந்திப்பன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.