கொன்ஸ்ரன்ஸ் வாவியும் நீர்த்தெள்ளும்: உணவின் தரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் எனுமிடத்துக் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. வாவியொன்றின் அடித்தளச் சேறும் அத்தகைய மூலமாதல் கூடும் என்பதற்கு ஐரோப்பாவின் கொன்ஸ்ரன்ஸ் வாவி தக்க சான்றாகும். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் கூடுமிடத்தில், றைன் நதி புகுந்து வெளியேறும் இவ்வாவி, ஏறத்தாழ 536 சதுர கிலோமீற்றர் பரப்பும் 250 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. இதில் வாழும் டப்னியா எனும் நீர்த்தெள்ளு ஓரிரு மில்லிமீற்றர் அளவேயான முள்ளந்தண்டிலி. நீரில் மிதக்கும் நுண்ணிய அல்காக்களை வடித்துண்பது. தான் மீன்களுக்கு இரையாவது. இச்சிற்றுயிரின் உணவு வரலாறே இங்கு எமது பொருள்.

பிளாந்தன் என்ற பெயரை 1887இல் வழங்கிய விக்ரர் கென்சன் மிதவையுயிர்களை வலையால் அள்ளி எண்ணும் நெறியை வகுத்தார். அன்றுதொட்டு 'எவ்வளவு உண்டு?' என்ற வினாவே இத்துறையில் முதன்மை பெற்றது. விஸ்கொன்சின் வாவிகளை ஆராய்ந்த பேர்ஜ், ஜூடே என்போர் 1922இல் பிளாந்தனின் இரசாயனக் கூறுகளையும் பகுத்து வெளியிட்டனர். 'எத்தகையது?' என்ற வினாவுக்கு அவர்கள் கதவைத் திறந்துவிட்டனர் எனலாம். ஆயினும் அக்கதவினூடாக அறிஞர் உட்புக அரை நூற்றாண்டு சென்றது. கரென் போட்டர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. கூழுறை கொண்ட சில பச்சை அல்காக்கள் டப்னியாவின் குடலினூடு சென்றும் சமியாது உயிருடன் வெளிவருவதையும், செல்லும் வழியிற் போசணை பெற்று முன்னிலும் நன்கு வளர்வதையும் அவர் காட்டினார். உட்சென்றதெல்லாம் உணவன்று என்பது இதனாற் பெறப்பட்டது.

கொன்ஸ்ரன்ஸ் வாவியிலோ பருவத்தோடு உணவு மாறும் முறை தெளிவாகப் புலப்பட்டது. வசந்தத்தில் மேல்நீர் வெப்பமுற்று, ஆழ்நீரோடு கலவாது தனித்து நிற்கத் தொடங்கியதும், சிறிய கசையிழை அல்காக்களும் தயற்றங்களும் பெருகுகின்றன. இவை டப்னியாவுக்கு விழுங்க எளியன, சமிக்கவும் எளியன. எனவே டப்னியாக் கூட்டம் மளமளவெனப் பெருகி, மே இறுதி அல்லது யூன் அளவில் அல்காக்களைப் பெரும்பாலும் உண்டு தீர்த்துவிட, நீர் பளிங்குபோலத் தெளிகிறது. வின்பிரீட் லாம்பேட், சோபர் ஆகிய இருவரும் இத் 'தெளிநீர்க் கட்டம்' ஆண்டுதோறும் நிகழ்வதை 1978இல் விளக்கினர். காலநிலையும் உண்போர் உண்ணப்படுவோர் உறவுமே அதன் காரணங்கள் என்பது அவர்தம் முடிபு. தெளிவுக்குப் பின் வருவது பஞ்சம். டப்னியாக்கள் குறைந்து, கோடையில் அல்காக்கள் மீண்டும் எழுகின்றன. ஆயின் இம்முறை எழுபவை வேறு. கூழுறையுடையவை, முள்ளுடையவை, நீண்ட இழையானவை, நீலப்பச்சைக் கூட்டங்கள் என்பன மிகுகின்றன. இவை வடிப்புறுப்பை அடைக்கவும் கூடும். சில நச்சும் உடையன. நீர் பச்சையாய்த் தோன்றினும் அஃது உணவு நிறைந்த நீர் ஆகாது. சொமர், கிளிவிச், லாம்பேட், டங்கன் ஆகிய நால்வரும் இப்பருவச் சுழற்சியை 1986இல் 24 கூற்றுக்களாகத் தொகுத்தனர். வாவிகள் அனைத்தும் இக்கூற்றுக்களுக்குக் கீழ்ப்படியும் என எதிர்பார்ப்பது மிகை. ஆயினும் பின்வந்த ஆய்வுகளுக்கு அத்தொகுப்பே அடிப்படையாயிற்று.

தரம் என்பது யாது? பருமனும் நச்சும் மட்டுமல்ல என்பது பின்னரே தெரியவந்தது. தயற்றங்களிலும் கசையிழை அல்காக்கள் சிலவற்றிலும் மிகுந்துள்ள நிரம்பாக் கொழுப்பமிலம் ஒன்று குறையின் டப்னியாவின் வளர்ச்சி குன்றுவதை 1995இலும் 2000இலும் மியூலர்-நவாரா வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. நீலப்பச்சையினத்தில் டப்னியாவுக்கு இன்றியமையாத ஸ்ரெரோல்கள் இல்லாமையும் ஒரு தடையென 2003இல் வொன் எலேட் முதலியோர் நிறுவினர். அல்காவின் உடலிற் காபனுக்கேற்பப் பொசுபரசு அமையாதவிடத்தும் உணவு இழிவதை ஸ்ரேணர், எல்சர் இருவரும் 2002இல் வெளியிட்ட நூல் விரித்துரைக்கின்றது.

இனி மனிதர் செய்ததைக் காண்போம். 1950களின் தொடக்கத்தில் இவ்வாவியின் ஒரு கன மீற்றர் நீரிற் பொசுபரசு 10 மில்லிகிராமுக்கும் குறைவு. கழிவுநீர், சலவைத்தூள், வயலுரம் ஆகியவற்றால் அது 1970களின் இறுதியில் 80 மில்லிகிராமைக் கடந்தது. நீலப்பச்சை அல்காக்களும் மிகுந்தன. வாவியைக் காக்க 1959இலேயே கரைநாடுகள் கூட்டு ஆணைக்குழுவொன்றை அமைத்திருந்தமை பாராட்டத்தக்கது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகப் பெருகப் பொசுபரசு படிப்படியாக இறங்கியது.

இந்நெருக்கடியை டப்னியா எவ்வாறு தாங்கிற்று? இங்கேதான் சேறு சாட்சி சொல்கிறது. டப்னியா இடும் உறங்குமுட்டைகள் அடையலில் ஆண்டுக்கணக்காக உயிருடன் கிடப்பன. கெயர்ஸ்ரன், லாம்பேட் முதலியோர் வெவ்வேறு காலப் படைகளிலிருந்து அவற்றை எடுத்துப் பொரிக்கச் செய்து, நீலப்பச்சை அல்கா கலந்த உணவூட்டி 1999இல் முடிபை வெளியிட்டனர். மாசு உச்சமடையுமுன் இடப்பட்ட முட்டைகளிலிருந்து வந்தவை அவ்வுணவால் வளர்ச்சி பெரிதும் குன்றின. பிற்காலத்தவை அத்துணை குன்றவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் தீயவுணவைத் தாங்கும் மரபு கூட்டத்தில் மேலோங்கிவிட்டது. அரச ஆவணம் எதுவும் குறித்துவையாத நிகழ்ச்சி இது. மேலும், இவ்வாறு பரிசோதிக்கப்பட்ட டப்னியா கலியாற்றா எனும் இனமே வாவிக்குப் பழையதன்று. மாசு மிகுந்த காலத்தில் வந்து நிலைகொண்டு, அங்கிருந்த உறவினத்தோடு கலப்புற்றது என்பதையும் 2009இல் வெளியான மரபணு ஆய்வு இதே முட்டைகள் கொண்டே காட்டிற்று. நீர் தூய்மையான பின்னரும் அக்கலப்பின் சுவடு நீங்கவில்லை.

பொசுபரசு இன்று மீண்டும் 1950களின் தொடக்க அளவுக்கு இறங்கியுள்ளது. அல்கா குறைந்தது, டப்னியாவும் குறைந்தது, அதனையுண்டு வாழும் வெண்மீனும் அருகிற்று. பொசுபரசைச் சற்று உயர விடுமாறு மீனவர் சிலர் வேண்ட, குடிநீருக்கு அவ்வாவியை நம்பியிருப்போர் மறுத்தனர். புதிதாகப் பெருகிய முள்மீனும் வெண்மீனின் குஞ்சுகளை உண்டு கேட்டை மிகுவித்தது. ஈற்றில் 2024 தொடக்கத்திலிருந்து மூன்றாண்டுகளுக்கு வெண்மீன் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. பரம்பரையாக அத்தொழிலையே நம்பிய குடும்பங்கள் வலையைக் கரையேற்றின.