உமலிலிருந்து சொப்பிங் பை வரை

இன்றைய இளம் வாசகர்களில் எத்தனை பேருக்கு 'உமல்' என்ற சொல் தெரியுமோ நானறியேன். பனையோலையில் இழைத்த பை அது. எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் உமல் தொங்காத வீடே இல்லை எனலாம். கடைக்குப் போகிறவர் கையில் உமல்; மீனுக்குப் போகிறவர் கையிலும் உமல்தான், ஆனால் அது வேறு உமல். மீன் உமலை அரிசி உமலோடு சேர்த்து மாட்டினால் வீட்டில் பெரிய வழக்கே நடக்கும். நைந்துபோனால் அடுப்பெரிக்க உதவும். இல்லாவிட்டால் வேலியோரத்தில் கிடந்து ஒரு மாரிக்குள் மண்ணாகிவிடும். அதை எங்கே வீசுவது என்ற கேள்வி யாருக்கும் எழுந்ததில்லை.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் மேய்ச்சல் தரையுமாக விரிந்த நிலம் படுவான்கரை. இந்த இரு கரைகளின் வீட்டுப் பாவனைப் பொருள்கள் அனைத்தும் அண்டிய நிலத்திலும் நீரோரத்திலும் விளைந்தவையே. பன்புல்லிற் பாயும் கூடையும், தென்னோலையிற் கிடுகும், பனையோலையில் உமலும் கடகமும் பெட்டியும், களிமண்ணிற் சட்டியும் பானையும் குடமும் ஆயின. பிட்டு அவிப்பதற்கு நீற்றுப்பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு. படுவான்கரையின் எருமைத் தயிர் மண்சட்டியில் உறைந்து, அதே சட்டியில் வாவியைக் கடந்து பட்டினத்துக்கு வந்தது. கோயில் அன்னதானத்துக்குத் தாமரை இலை; குளங்கள் நிறைந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இறைச்சிக்குத் தேக்கிலை. வாவி மீன் சிறிதளவு வாங்கினால் ஈர்க்கிற் கோத்துக் கையில் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தெருவால் நடந்து வந்தால், இன்று யார் வீட்டில் என்ன கறி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலுக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் இடம் இருந்தது. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தொடங்கிய பத்திரிகைகள். அவை காலையில் உலக நடப்பையும் மறுவாரம் கடலையையும் சுமந்தன. பழைய பத்திரிகைகளை நிறுத்து வாங்கும் கடைக்காரர் அவற்றைக் கூம்பாகச் சுருட்டிச் சீனி, பருப்பு, மிளகாய்த்தூள் என்று கட்டித் தருவார். கண்விழித்து எழுதிய ஆசிரியர் தலையங்கம் அவித்த கடலையின் ஈரம் ஊறிக் கையில் வந்து சேர்வதைப் பார்த்த பத்திரிகையாளர்கள் எங்கள் தலைமுறையிற் பலர். எழுத்தின் நிலையாமை பற்றி அதைவிட நல்ல பாடம் எந்தப் பத்திரிகைக் கல்லூரியிலும் கிடைக்காது. அச்சுமை உணவில் ஒட்டுவது உடலுக்கு நல்லதல்ல என்பது பின்னர் வந்த அறிவு. ஆகவே அந்த வழக்கத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று நான் வாதிடப் போவதில்லை.

சங்கக்கடையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு ஒரு போத்தல், மண்ணெண்ணெய்க்கு இன்னொரு போத்தல். இரண்டின் கழுத்திலும் கயிறு கட்டியிருக்கும். கயிற்றில் விரலை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போவார்கள். அரைப் போத்தல், கால் போத்தல், அதற்கும் குறைவாக, கையில் உள்ள சில்லறைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு அளந்து ஊற்றித் தரப்படும். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்கும் குடும்பங்களுக்கு இந்தச் சில்லறை அளவை உயிர்நாடி. பிற்காலத்தில் ஷாம்பூவும் சவர்க்காரத் தூளும் சிறிய சாஷேக்களில் வந்தபோது, ஏழைகளும் வாங்கக்கூடிய வகையிற் சிறிய அளவில் தருகிறோம் என்று கம்பனிகள் பெருமை பேசின. சிறிய அளவு எங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு சிறிய அளவுக்கும் அழியாத உறை ஒன்றைச் சேர்த்துத் தந்ததுதான் புதிது.

இப்படி எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அக்காலத்து மக்கள் சுற்றாடலைக் காக்கும் நோக்கோடு உமல் தூக்கவில்லை. வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உச்சத்தில் இருந்தபோது, வெற்று ரின் ஒன்றும் கண்ணாடிப் போத்தல் ஒன்றும் வீட்டில் ஒரு சொத்து. வறுமையின் பழக்கத்தை அறத்தின் பழக்கமாகக் காட்டும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது என் விருப்பமல்ல.

பொலித்தீன் 1933 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இன்று நாம் காணும், பையோடு ஒன்றாய் வெட்டிய இரு காதுள்ள சொப்பிங் பை சுவீடன் நிறுவனமொன்றின் உருவாக்கம். 1965 இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமம் கிடைத்தது. இலங்கையின் கதவுகள் 1977 இல் திறந்த பொருளாதாரத்தோடு அகலத் திறந்தபோது பிளாஸ்டிக்கும் தாராளமாக உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு, 1978 நவம்பர் 23 இரவு, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்டது. அதிற் சாய்ந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. தென்னை சாய்ந்தால் தேங்காய் மட்டுமா போகும்? கிடுகும் ஈர்க்கும் கயிறும் சேர்ந்தே போகும். பழைய பாவனைப் பொருள்களின் மூலப்பொருளே அடிபட்ட வேளையிற் கடைகளிற் புதிய பொருள் நிறைந்திருந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்ததை எங்கள் மாவட்டத்தின் பொருள் வரலாற்றை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

யுத்தம் இதை இன்னும் விரைவுபடுத்திற்று. இடம்பெயர்ந்து ஓடுகிறவர்கள் மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பிளாஸ்டிக் குடம் விழுந்தாலும் உடையாது, கைக்குப் பாரமுமில்லை. மரத்தடியில் ஒதுங்கிய குடும்பத்துக்குத் தறப்பாள்தான் கூரை. பத்திரங்களையும் அடையாள அட்டையையும் மழையிலிருந்து காத்தது பொலித்தீன் உறை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கிணறுகள் எல்லாம் உப்பேறிப் போன கரையோரத்திற் பிளாஸ்டிக் போத்தலில் வந்த தண்ணீரைக் குடித்துத்தான் மக்கள் உயிர் வாழ்ந்தார்கள். நிவாரணம் முழுவதும் பொலித்தீன் பொதிகளில் வந்தது. ஆகவே இந்தப் பொருளை வில்லனாக மட்டும் சித்திரிப்பவர்கள் கிழக்கு மாகாணத்தின் வரலாற்றை அறியாதவர்கள்.

சட்டம் வந்த காலத்தைப் பாருங்கள். 20 மைக்ரோனுக்கு மேற்படாத மெல்லிய பொலித்தீனை உற்பத்தி செய்வதும் விற்பதும் 2007 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய தாளை யாரும் திரும்பப் பயன்படுத்த மாட்டார்கள். பொறுக்கி விற்கவும் பெறுமதி இராது. காற்றிற் பறந்து வடிகானை அடைக்கும். தடைக்கான நியாயம் சரியானதே. ஆனால் அதே ஜனவரியில் வாகரையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் காட்டு வழியாகவும் நீர் வழியாகவும் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த சில மாதங்களிற் படுவான்கரையும் பெயர்ந்தது; மாவட்டத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். பையின் தடிப்பை அளக்கும் நிலையில் அங்கே எந்த அதிகாரி இருந்திருப்பார்?

பின்னர் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லன்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி, சொப்பிங் பை ஆகியவற்றுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாயினர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். முற்றத்தில் எறிந்த யோகட் கோப்பையில் ஒரு மழைக்குத் தேங்கும் தண்ணீர் நுளம்புக்குத் தாராளம்.

2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களின் சிறிய சாஷேக்களும், விவசாய இரசாயனங்களை அடைக்கும் பெற் போத்தல்களும் தடைக்குள் வந்தன. வயல் வரம்புகளிற் கிடக்கும் மருந்துப் போத்தல்களைக் கண்டவர்களுக்கு இரண்டாவதன் முக்கியத்துவம் விளங்கும். 2023 அக்டோபர் 1 தடைப் பட்டியலிற் குடிகுழாய், கரண்டி, பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. பிரம்பிலும் ஈர்க்கிலும் தட்டுப் பின்னிய நாட்டில், அதைப் பிளாஸ்டிக்கிற் செய்யாதே என்று சொல்ல ஒரு வர்த்தமானி அறிவித்தல் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தத் தடைகள் அனைத்தும் உற்பத்தியாளரையும் வியாபாரியையும் நோக்கியவை. வாங்குகிறவரின் மடிசீலையை அவை தொடவில்லை. வெள்ள காலத்தில் வடிகான்கள் அடைபட்டதைக் கண்ட பங்களாதேஷ் 2002 இல் மெல்லிய பொலித்தீன் பையைத் தடை செய்தது. ஆனால் பைகள் மறையவில்லை. அதே ஆண்டில் அயர்லாந்து தடை விதிக்காமற் பை ஒன்றுக்கு 15 சதம் வரி விதித்தது. பாவனை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்துவிட்டு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தன் பழைய துணிப்பையையே இயக்கமாக்கியது. இலங்கையில் 2025 நவம்பர் 1 முதற்றான் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டிற் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. எண்ணிப் பார்த்தால், முதல் தடைக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

சட்டம் ஒருபுறமிருக்க, வீட்டுக்குள் நடப்பதைக் கவனிக்கிறேன். கைப்பைக்குள் மடித்த சீலைப்பை வைத்திருப்பவர்கள் இப்போது கண்ணிற் படுகிறார்கள். மீன் சந்தைக்கு மூடியுள்ள சிறு வாளியோடு வருகிறவர்களும் உண்டு. அந்த வாளியும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பத்து ஆண்டு உழைக்கும் வாளியோடு எனக்குப் பகையில்லை, சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் இருபது நிமிடத்துக்காகப் பிறந்து, பிறகு கண்டல் வேரிற் சிக்கி நம் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பையோடுதான் பகை. வயலுக்கும் வேலைக்கும் போகிறவர்களின் சோற்றுப் பார்சலில் வாழையிலை திரும்பிய இடங்களும் உண்டு, திரும்பாத இடங்களே அதிகம்.

மாற வேண்டிய பழைய பழக்கமும் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. விடியற்காலையில் வளவைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது எங்கள் வீடுகளின் அன்றாடக் கருமம். மாவிலையும் பலாவிலையும் எரிந்தவரை அந்தப் புகையால் நுளம்பு விலகியது. சாம்பல் வாழைக்கு உரமாயிற்று. இன்று அதே குவியலிற் சொப்பிங் பையும் பிஸ்கட் உறையும் கிடக்கின்றன. கைகள் மட்டும் பழைய ஒழுங்கிலேயே தீக்குச்சியை உரசுகின்றன. அந்த நச்சுப்புகையை முதலிற் சுவாசிப்பவர் கூட்டிக் கொளுத்தும் பெண்ணும் அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான். குப்பை வண்டி ஒழுங்காக வராத கிராமங்களில் "எரிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பிரதேச சபைகள் கிழமைக்கொரு தடவையாவது பொலித்தீனை மட்டும் தனியாக வந்து எடுக்கும் ஏற்பாடு இல்லாமல் அந்தப் புகை அடங்காது.

எரியாதது எங்கே போகிறது என்பதற்கு அயல் மாவட்டமே சாட்சி. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. உணவின் வாசனை ஒட்டிய பையை யானையால் வேறு பிரித்துத் தின்ன முடியாது. மாடுகளுக்கும் அதே கதிதான். ஆனால் தெருவில் மேயும் மாட்டின் வயிற்றை அறுத்துப் பார்க்க எந்த உலகப் பத்திரிகையும் வருவதில்லை.

பழையது முற்றாக அழிந்துவிடவில்லை. வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாள்களிற் குருத்தோலைத் தோரணமும் மண்பானைப் பொங்கலும் இன்றும் உண்டு. தயிர்ச்சட்டியும் உண்டு. வெளியூர் பஸ் ஏறுகிறவர்கள் இன்றும் மட்டக்களப்புத் தயிரை மண்சட்டியோடு வாங்கிப் போகிறார்கள். முன்பு சட்டியைக் கயிற்றாற் சுற்றிக் கட்டி, தூக்கிப் பிடிக்க ஒரு காதும் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது சட்டி சொப்பிங் பைக்குள் இறங்குகிறது. சென்ற மாதம் நான் வாங்கியபோது பைக்குத் தனியாகக் காசு என்றார் கடைக்காரர். கயிறு இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். காது வைத்துக் கட்டும் முறை அவருக்கு மறந்திருக்கவில்லை.