வெயிலும் உயிர்ச்சத்து டி-யும்

தோலில் படும் வெயிலைக் கொண்டு பல விலங்குகள் தாமே ஆக்கிக்கொள்ளும் சத்து, உயிர்ச்சத்து டி. தோலிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருள், 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர் பட்டு உருமாறி, உடற்சூட்டில் உயிர்ச்சத்து டி3 ஆகிறது. கல்லீரலும் பிறகு சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்திய பின்னரே, உணவிலுள்ள சுண்ணாம்பைக் குடல் நன்றாக உறிஞ்சுகிறது. வெயிலில் அதிக நேரம் நின்றால் சத்து அளவுமீறிச் சேராது. மிகுதியை அதே கதிர் பயனற்ற பொருளாக்கிவிடும்.

எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு வெயில் நல்லது என்று 1822-இலேயே மருத்துவர் சினியாடெக்கி எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கொளியால் குழந்தைகளின் நோயைத் தீர்த்தார். அதே ஆண்டுகளில் லண்டனில் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு நோயை வரவழைத்து, மீனெண்ணெயால் மாற்றி, குறை உணவில்தான் என்றார். வெயிலா, உணவா என்று வழக்கு நீண்டது. 1922-இல் நாசிக்கிலிருந்து ஹட்சிசனும் ஷாவும் எழுதியது வெயில் கட்சிக்கு வலு: நல்ல சாப்பாடு சாப்பிட்டும் கோஷா முறையில் வெயில் படாமல் அடைந்துகிடந்த வசதியான வீடுகளில் நோய் இருந்தது, அரைவயிற்றுக் கூலிக்காரர் வீடுகளில் இல்லை. 1924-இல் ஸ்டீன்பாக் தீவனத்தின்மீதே கதிரைப் பாய்ச்சி அதற்கு நோய் தீர்க்கும் குணத்தை ஏற்றிக் காட்டியதும் வழக்கு முடிந்தது. இரு தரப்பும் சரி.

மெல்லன்பிக்கு வாய்த்த விலங்கு ஒரு வேடிக்கை. நாயின் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் அந்த மூலப்பொருள் போதிய அளவு தங்குவதில்லை, பூனைக்கும் அப்படியே. நாள் முழுக்கத் தெருவில் வெயில் காய்ந்தாலும் அவற்றுக்குத் தின்னும் உணவில்தான் டி. இது 1990-களில்தான் உறுதியானது. கோழியோ இறகு மூடாத காலில்தான் பெரும்பங்கை ஆக்குகிறது. கொட்டகையில் அடைத்த கோழிக்குத் தீவனத்தில் டி3 கலப்பது இதனால்தான். ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல் வெயிலே போதும்.

நம் பக்கத்து வெயிலை அளந்த ஆய்வு திருப்பதியில் நடந்தது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஹரிநாராயண் குழு, அந்த மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து, காலை 8 முதல் மாலை 4 வரை மணிக்கொரு முறை வெயிலில் வைத்துப் பார்த்தது. 2013-இல் வெளியான முடிவு: ஆண்டு முழுதும் பகல் 11 முதல் 2 மணி வரையே விளைச்சல் அதிகம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத அவ்வூர் மக்களிடம் டி குறைவு என்றும், கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் அது மோசம் என்றும் இதே ஆய்வாளர் முன்பே காட்டியிருந்தார்.

ஆந்திர எல்லையோர நெசவு ஊரான பொதட்டூர்பேட்டைக்கும் ஏறக்குறைய அதே வெயில்தான். ஆனால் விசைத்தறி ஓடுவது கூரைக்கடியில். சன்னல் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், டி ஆக்கும் கதிர் வராது. தெருவில் பாவு தோயும் நெசவாளரும் வெயில் ஏறுமுன்பே வேலையை முடித்துவிடுவார். 11-க்கு மேல் ஆடுமாடுகளே மரத்தடி தேடுகின்றன.